மேக்கினா தீவில் மூடாத காயம்

ஹியூரான் ஏரியும் மிச்சிகன் ஏரியும் சேருமிடத்தில், நீரிணையின் நடுவே இருக்கிறது மேக்கினா தீவு. இருநூறு ஆண்டுகளுக்கு முன் அது வட அமெரிக்கத் தோல் வணிகத்தின் பெரிய பேட்டை. குளிர்காலம் முழுவதும் காடுகளில் பிடித்த பீவர், நீர்நாய் போன்ற விலங்குகளின் தோல்களைக் கட்டுக்கட்டாக ஏற்றிக்கொண்டு, கோடை பிறந்ததும் தோணிகள் அங்கே வந்து சேரும். தோணிகளைச் செலுத்தியவர்களில் பெரும்பாலோர் பிரெஞ்சு பேசும் கனடியர்கள். தோணி போக முடியாத இடங்களில் ஒவ்வொன்றும் 40 கிலோ எடையுள்ள மூட்டைகள் இரண்டை ஒரே நடையில் முதுகில் சுமந்து காட்டைக் கடப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத, உடல் வலுவை மட்டுமே நம்பிப் பிழைத்த இளைஞர்கள் அவர்கள்.

1822 ஜூன் 6 அன்று காலை, அமெரிக்கன் ஃபர் கம்பெனியின் கடையில் கூட்டம் நெரிந்தது. யாரோ ஒருவர் கையிலிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. வாத்து சுடும் ரவைகள், மூன்றடி தூரம்கூட இல்லாத இடைவெளியில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற துடுப்பாளரின் இடது மார்புக்குக் கீழே பாய்ந்தன. அப்போது அவருக்கு இருபது வயது இருக்கலாம். உள்ளங்கை அளவுக்குச் சதை பிய்ந்து, விலா எலும்புகள் நொறுங்கின. கருகிய நுரையீரலின் ஒரு துண்டு வெளியே தள்ளி நின்றது. அதற்குக் கீழே வயிறும் கிழிந்திருந்தது. காலையில் சாப்பிட்ட உணவு அந்த ஓட்டை வழியே சட்டையில் வழிந்துகொண்டிருந்தது.

தீவின் குன்றின் மேலிருந்த ராணுவக் கோட்டைக்கு ஆள் ஓடியது. அங்கிருந்து இறங்கி வந்த மருத்துவர் வில்லியம் போமான்ட், காயத்தைச் சுத்தம் செய்து கட்டுப்போட்டார். இந்த ஆள் 36 மணி நேரம் தாங்கமாட்டார் என்பது அவருடைய கணிப்பு. அந்தக் கணிப்பு பொய்த்தது. செயின்ட் மார்ட்டின் அதற்குப் பிறகு 58 ஆண்டுகள் வாழ்ந்தார். போமான்ட் இறந்து 27 ஆண்டுகள் கழித்தே அவர் இறந்தார்.

வயிற்று அமிலத்தைப் பற்றி இன்று மருத்துவக் கல்லூரி மாணவர் முதல் வாரத்தில் படிக்கும் பல செய்திகள் இந்த இருவருக்கிடையே நடந்தவற்றிலிருந்து கிடைத்தவை. மருத்துவ வரலாறு அவர்களில் ஒருவரை ஆராய்ச்சியாளர் என்றும் மற்றவரை நோயாளி என்றும் பிரித்து வைத்துவிட்டது. நடந்ததை அருகிலிருந்து பார்த்தால் அந்தப் பிரிவினை சரியாகப் படவில்லை.

போமான்ட் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்தவர் அல்ல. 1785-இல் கனெக்டிகட் மாநிலத்தின் லெபனான் என்ற ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளி ஆசிரியராகச் சில காலம் இருந்தார். பிறகு வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு மருத்துவரிடம் தொழில் பழகி, 1812-இல் அங்குள்ள மருத்துவச் சங்கத்தின் உரிமம் பெற்றார். அந்த ஆண்டே பிரிட்டனுடன் போர் மூண்டது. அறுவை மருத்துவரின் உதவியாளராகப் படையில் சேர்ந்தார். கை கால்களை வெட்டி எடுப்பதும் வெடிகுண்டுக் காயங்களுக்குக் கட்டுப்போடுவதுமே அவருக்குக் கிடைத்த உயர்கல்வி. ஆனால் ஒரு பழக்கம் அவரிடம் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. பார்த்ததை அன்றன்றே குறித்து வைப்பார், பார்க்காததை எழுதமாட்டார். எல்லைப்புறக் கோட்டையில், நூலகமோ ஆய்வுக்கூடமோ இல்லாத இடத்தில், இந்தப் பழக்கம்தான் அவருக்குக் கைகொடுத்தது.

செயின்ட் மார்ட்டினின் உயிரைக் காப்பாற்றியது எளிய வேலையாக இருக்கவில்லை. முதல் 17 நாட்கள் விழுங்கியதெல்லாம் ஓட்டை வழியே வெளியே வந்தது. ஆசனவாய் வழியாகச் செலுத்திய சத்துநீரே அவரை வாழவைத்தது. பிறகு ஓட்டையின் மேல் இறுக்கமாகத் துணியை அடைத்துக் கட்டியதும் உணவு உள்ளே நிற்கத் தொடங்கியது. மாதக் கணக்கில் எலும்புச் சில்லுகளும் துணி நூல்களும் ரவைகளும் காயத்திலிருந்து வெளியேறின. 1823 ஏப்ரலில், இனி இவரைப் பராமரிக்க முடியாது, கனடாவுக்கே அனுப்பிவிடலாம் என்று ஊர் நிர்வாகம் கைவிரித்தது. திறந்த படகில் ஆயிரம் மைலுக்கும் மேற்பட்ட பயணம் அது. போனால் வழியிலேயே இறந்துவிடுவார் என்று போமான்ட் அவரைத் தம் வீட்டுக்கே அழைத்துச் சென்றார். தம் சொற்பச் சம்பளத்திலிருந்து உணவும் உடையும் கொடுத்தார்.

காயம் ஆறியது, ஓட்டை மூடவில்லை. வயிற்றின் விளிம்பும் மார்புத் தோலின் விளிம்பும் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்து, வெளியிலிருந்து நேரே வயிற்றுக்குள் ஒரு நிரந்தர வழி உண்டாகிவிட்டது. அடுத்த குளிர்காலத்துக்குள் வயிற்றின் உட்தோலே மடிந்து வளர்ந்து அந்த வழியை உள்ளிருந்து மூடிக்கொண்டது. சாப்பிட்டது வெளியே வராது. விரலால் அந்த மடிப்பைத் தள்ளினால் வயிற்றின் உட்புறம் கண்ணுக்குத் தெரியும்.

ஆராய்ச்சிக்காகவே போமான்ட் அந்த ஓட்டையைத் திறந்து வைத்தார் என்று பின்னாளில் சிலர் குற்றம் சாட்டினார்கள். அதை நம்ப ஆதாரமில்லை. மாதக்கணக்கில் அதை மூட அவர் முயன்றிருக்கிறார். ஓரங்களை வெட்டித் தைக்கலாம் என்று அவர் சொன்னபோது மறுத்தவர் செயின்ட் மார்ட்டின். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில், ஏற்கெனவே அத்தனை கத்திகளைத் தாங்கிய உடம்புக்காரர் இன்னொரு கத்தி வேண்டாம் என்று சொன்னதில் வியப்பில்லை. போமான்ட் மேல் வைக்க வேண்டிய குற்றச்சாட்டு வேறு. அது பிறகு வருகிறது.

அந்த நாளில் செரிமானம் எப்படி நடக்கிறது என்பது தீராத விவாதம். வயிறு உணவை வேகவைக்கிறது என்றார்கள் சிலர். அரைக்கிறது என்றார்கள் வேறு சிலர். நொதிக்க வைக்கிறது என்றது மூன்றாவது அணி. பிரான்சில் ரெயோமூர் 1752-இல் பருந்து ஒன்றை, இறைச்சி வைத்த உலோகக் குழாய்களை விழுங்கச் செய்தார். குழாய்க்குள் இருந்த இறைச்சியை எதுவும் அரைத்திருக்க முடியாது. ஆனாலும் அது கரைந்திருந்தது. இத்தாலியில் ஸ்பலன்சானி துணிப்பைகளில் உணவைக் கட்டித் தாமே விழுங்கிப் பார்த்தார். 1823 டிசம்பரில் லண்டன் மருத்துவர் வில்லியம் பிரௌட், விலங்குகளின் வயிற்று நீரில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று ராயல் சொசைட்டியில் அறிவித்தார். இரும்பையும் துத்தநாகத்தையும் அரிக்கும் அமிலம் உயிருள்ள உடலுக்குள் ஊறுகிறது என்பதைப் பலரால் ஏற்க முடியவில்லை. உயிரோடிருக்கும் மனிதரின் வயிற்றில் அது சுரப்பதைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை.

பார்க்கும் வாய்ப்பு, ஐரோப்பாவின் பேராசிரியர்கள் எவருக்கும் கிடைக்காமல், பட்டம் பெறாத ஒரு ராணுவ மருத்துவருக்குக் கிடைத்தது.

1825 ஆகஸ்ட் 1, நண்பகல். மசாலா சேர்த்துச் சமைத்த மாட்டிறைச்சி, உப்பிட்ட பச்சைப் பன்றிக் கொழுப்பு, உப்பிட்ட பச்சை மாட்டிறைச்சி, வேகவைத்த உப்பு மாட்டிறைச்சி, பழைய ரொட்டி, நறுக்கிய பச்சை முட்டைக்கோஸ் என ஆறு துண்டுகளைப் பட்டு நூலில் வரிசையாகக் கட்டி, ஓட்டை வழியே வயிற்றுக்குள் இறக்கினார் போமான்ட். செயின்ட் மார்ட்டின் வழக்கம்போல் வீட்டு வேலைக்குப் போய்விட்டார். ஒரு மணிக்கு நூலை இழுத்துப் பார்த்தபோது முட்டைக்கோசும் ரொட்டியும் பாதி கரைந்திருந்தன. இறைச்சித் துண்டுகள் அப்படியே இருந்தன. இரண்டு மணிக்கு முட்டைக்கோசும் ரொட்டியும் பன்றிக் கொழுப்பும் வெந்த இறைச்சியும் நூலிலிருந்து காணாமல் போயிருந்தன. அதற்குப் பிறகு செயின்ட் மார்ட்டின் வயிற்று வலி என்றும் உடம்பு சரியில்லை என்றும் சொன்னார். அன்றைய சோதனை அத்தோடு நின்றது.

ஒரு வாரம் கழித்து நடந்த சோதனைதான் முக்கியமானது. 17 மணி நேரம் பட்டினியிருந்த வயிற்றில் வெப்பமானியை விட்டுப் பார்த்தார். ஏறத்தாழ 100 டிகிரி ஃபாரன்ஹீட். பிறகு ரப்பர் குழாயைச் செலுத்தி ஓர் அவுன்ஸ் இரைப்பை நீரை எடுத்தார். அதைச் சிறு குப்பியில் ஊற்றி, ஒரு துண்டு வெந்த மாட்டிறைச்சியைப் போட்டு, அதே சூட்டிலுள்ள தண்ணீரில் வைத்தார். அதே அளவு இறைச்சியை நூலில் கட்டி வயிற்றுக்குள்ளும் இறக்கினார். நாற்பது நிமிடங்களில் குப்பியிலிருந்த இறைச்சியின் மேற்பரப்பு கரையத் தொடங்கியது. வயிற்றுக்குள் இருந்த துண்டு இரண்டு மணி நேரத்தில் முழுதும் கரைந்தது. குப்பியில் இருந்ததற்கு அதைவிடப் பல மணி நேரம் கூடுதலாகத் தேவைப்பட்டது. ஆனால் இரண்டிலும் நடந்த மாற்றம் ஒன்றுதான். செரிமானம் என்பது வேதிவினை. அதற்கு உயிர்ச்சக்தி என்ற மாயப்பொருள் தேவையில்லை என்பது அந்தச் சிறு குப்பியில் தெரிந்துவிட்டது.

அந்தச் செப்டம்பரில் செயின்ட் மார்ட்டின் யாரிடமும் சொல்லாமல் எல்லை தாண்டிக் கனடாவுக்குப் போய்விட்டார். அங்கே மரி ஜோலி என்ற பெண்ணை மணந்தார். மார்பில் ஓட்டையோடு மறுபடியும் தோணி வலித்துப் பிழைத்தார். போமான்ட் பல ஆண்டுகள் தோல் கம்பெனியின் ஆட்கள் மூலம் தேடி, 1829-இல் அவரைக் கண்டுபிடித்து, மிசிசிப்பிக் கரையிலுள்ள ப்ரெய்ரி டு ஷீன் என்ற ஊரின் கிராஃபோர்ட் கோட்டைக்கு மனைவி மக்களோடு வரவழைத்தார். பயணச் செலவும் போமான்டுடையதே. அங்கே விறகு வெட்டுவதும் சுமை தூக்குவதும் செயின்ட் மார்ட்டினின் அன்றாட வேலை. அதற்கிடையே வயிற்றுச் சோதனைகள். 1831 வசந்தத்தில் குடும்பத்தோடு தோணியில் ஏறி, ஆறுகளும் ஏரிகளுமாகக் கடந்து ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

மூன்றாம் முறை அவர் வந்தபோது, 1832 அக்டோபர் 19 அன்று, ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஓர் ஆண்டுக்கு 150 டாலர். அதில் 40 டாலர் முன்பணம். உணவும் உடையும் தங்குமிடமும் தனி. பதிலுக்குச் செயின்ட் மார்ட்டின், போமான்ட் சொல்லும் இடத்துக்கெல்லாம் போக வேண்டும். ஏவிய வேலையைச் செய்ய வேண்டும். அறிவியலின் பொருட்டுத் தம் வயிற்றில் நடத்தும் சோதனைகளுக்கு உடன்பட வேண்டும். அவர் கையெழுத்துக்குப் பதில் ஒரு குறியிட்டார். மனிதர் மேல் நடக்கும் ஆய்வுக்கு எழுத்தில் பெற்ற ஒப்புதல்களில் இது மிகப் பழையவற்றுள் ஒன்று என்று மருத்துவ அறவியலாளர்கள் இதைக் குறிப்பிடுவதுண்டு. ஆனால் ஆவணத்தின் நடை வீட்டு வேலைக்காரரை அமர்த்தும் நடைதான். எந்தச் சோதனையை வேண்டாம் என்று மறுக்கலாம் என்பதற்கு அதில் இடமேயில்லை. பிறகு அவரை அமெரிக்க ராணுவத்தில் மாதம் 12 டாலர் சம்பளத்தில் சார்ஜென்டாகவும் சேர்த்துவிட்டார்கள். விட்டுப்போனால் அது படையை விட்டு ஓடிய குற்றமாகிவிடும்.

இந்தக் கட்டத்தில் சோதனைகளின் வீச்சு பெரிதானது. போமான்ட் இரைப்பை நீரை நாக்கில் விட்டுச் சுவைத்தார்: தெளிந்தது, மணமற்றது, கொஞ்சம் உப்பு, நன்றாகத் தெரியும் புளிப்பு. வெறும் வயிற்றின் உட்சுவரையும் நாக்கால் தொட்டுப் பார்த்தார். அங்கே புளிப்பே இல்லை. உணவு பட்ட பிறகே சுவரிலிருந்து துளித்துளியாக அமிலம் ஊறுவதைக் கண்ணால் கண்டார். அமிலம் எப்போதும் தேங்கி நிற்கும் குளமல்ல, வேண்டும்போது சுரப்பது என்ற அடிப்படை உண்மை இப்படித் தெரியவந்தது. செயின்ட் மார்ட்டினுக்குக் கோபம் வந்த வேளைகளில் வயிற்றுக்குள் பித்தநீர் தென்பட்டது, செரிமானம் தடுமாறியது. சில நாட்கள் தொடர்ந்து குடித்தபோது உட்சுவர் சிவந்து புண்ணானது. அப்போது அவருக்கு வலியே தெரியவில்லை என்பதையும் போமான்ட் குறித்து வைத்தார். அல்சர் நோயாளிகள் பலர் ரத்த வாந்தி எடுக்கும்வரை எதையும் உணராமல் இருப்பதை அறிந்த இன்றைய மருத்துவர்களுக்கு அந்தக் குறிப்பின் அருமை தெரியும்.

எந்த உணவு எத்தனை நேரத்தில் செரிக்கிறது என்று ஒரு பெரிய பட்டியலும் உண்டு. வெந்த அரிசிச் சோற்றுக்கு ஒரு மணி நேரம். காய்ச்சிய பாலுக்கு இரண்டு மணி நேரம். வறுத்த பன்றி இறைச்சிக்கு ஐந்தேகால் மணி நேரம். அந்தப் பட்டியல் பல பத்தாண்டுகள் உணவியல் நூல்களில் இடம்பெற்றது.

எடுத்த நீரை வேதியியலாளர்களுக்கும் அனுப்பினார். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ராப்லி டங்லிசன் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பதை உறுதி செய்தார். யேல் கல்லூரியின் பெஞ்சமின் சிலிமனும் ஆராய்ந்தார். ஒரு புட்டி ஸ்டாக்ஹோமுக்குக் கப்பலேறி பெர்சீலியஸிடம் போனது. ஆனால் மாதக்கணக்கில் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததால் பயன்படவில்லை. அமிலம் மட்டும் போதாது, அதனுடன் பெயர் தெரியாத வேறொரு பொருளும் வேலை செய்கிறது என்று போமான்ட் ஊகித்தார். 1836-இல் ஜெர்மனியின் தியோடர் ஷ்வான் அதைப் பிரித்தெடுத்துப் பெப்சின் என்று பெயரிட்டார்.

இரைப்பை நீரையும் செரிமானத்தையும் பற்றிய போமான்டின் நூல் 1833-இல் பிளாட்ஸ்பர்க் என்ற சிற்றூரில் அச்சானது. 280 பக்கம், ஆயிரம் பிரதிகள், 200-க்கும் மேற்பட்ட சோதனைகள். மட்டமான தாளும் அச்சுப்பிழைகளும் மலிந்த அந்தப் புத்தகம் அடுத்த ஆண்டே ஜெர்மனில் வந்தது. அதைப் பின்பற்றி ரஷ்யாவில் பாசோவும் பிரான்சில் ப்ளாந்த்லோவும் நாய்களுக்குச் செயற்கையாக வயிற்று ஓட்டை உண்டாக்கி ஆராய்ந்தார்கள். அந்த வழியின் உச்சம் இவான் பாவ்லோவ். செரிமான ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றார். இருந்தாலும், வயிற்றிலுள்ளது லாக்டிக் அமிலமே என்ற வாதம் 1852-இல் பிடரும் ஷ்மிட்டும் துல்லியமாக அளந்து காட்டும்வரை ஓயவில்லை.

1834-இல் செயின்ட் மார்ட்டின் கனடாவுக்குப் போனார். பிறகு திரும்பவில்லை. போமான்ட் ராணுவத்தை விட்டு விலகி, செயின்ட் லூயிஸ் நகரில் தொழில் நடத்தியபடி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். பணம் தருவதாகச் சொன்னார், கெஞ்சினார், மற்றவர்களிடம் சலித்துக்கொண்டார். அந்தக் கடிதங்களைப் படித்தால், பாதியில் நின்றுபோன ஆய்வின் ஏக்கம் புரிகிறது. குடும்பத்தை விட்டுவிட்டு வர மறுத்த தகப்பனின் நிலை போமான்டுக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. அவர்மேல் வைக்க வேண்டிய குற்றச்சாட்டு இதுதான். கொல்லைப்புறத்தில் விறகு வெட்டியவரும் சோதனைக்குப் படுத்தவரும் ஒரே மனிதர் என்பதை அவர் அறிந்திருந்தார். அந்த மனிதர் தம் உழைப்பில் பங்காளி என்று நினைக்கவில்லை. உயிரைக் காத்த நன்றிக்கடனே போதும் என்று எண்ணியிருக்கலாம். 1853-இல், பனி உறைந்த படிக்கட்டில் வழுக்கி விழுந்த காயத்தால் போமான்ட் இறந்தார்.

ஆய்வாளரும் ஆய்வுக்கு உடல் தந்தவரும் வேறுவிதமாக நடந்துகொள்ள முடியும் என்பதற்கு அடுத்த நூற்றாண்டில் எடுத்துக்காட்டுகள் உண்டு. நியூயார்க்கில் டாம் என்பவர் ஒன்பது வயதில் கொதிக்கும் சூப்பை விழுங்கி உணவுக்குழாய் அடைபட்டவர். வயிற்றில் இட்ட துளை வழியாகவே வாழ்நாளெல்லாம் உணவு செலுத்திக்கொண்டார். 1940-களில் ஸ்டீவர்ட் உல்ஃபும் ஹெரால்ட் உல்ஃபும் அவரைத் தங்கள் ஆய்வுக்கூடத்தில் சம்பளத்துக்கு வேலையாளாகச் சேர்த்துக்கொண்டு, கோபத்தில் அமிலம் பெருகுவதையும் அச்சத்தில் வயிற்றுச் சுவர் வெளிறுவதையும் பதிவு செய்தார்கள். 1984-இல் ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல், அமிலத்திலும் பிழைத்து வயிற்றைப் புண்ணாக்கும் ஹெலிகோபேக்டர் பாக்டீரியாவை வேறு யாருக்கும் கொடுக்காமல் தாமே குடித்தார். சில நாட்களில் வாந்தியும் வயிற்று அழற்சியும் வந்தன. 2005-இல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

செயின்ட் மார்ட்டின் 1880 ஜூன் 24 அன்று கியூபெக் மாகாணத்தின் ஜோலியெட் அருகே, செயின்ட் தாமஸ் கிராமத்தில் இறந்தார். அந்த வயிற்றை ராணுவ மருத்துவ அருங்காட்சியகத்துக்குப் பெற்றுத்தர வில்லியம் ஆஸ்லர் என்ற புகழ்பெற்ற மருத்துவர் முயன்றார். பிணப் பரிசோதனைக்கு வர வேண்டாம் என்று குடும்பத்தார் எச்சரித்தார்கள். கோடை வெயிலில் உடல் அழுகும்வரை வைத்திருந்து, யாரும் தோண்டி எடுத்துவிடாதபடி எட்டடி ஆழத்தில் புதைத்தார்கள். அந்த உடம்பைப் பற்றி அவர் குடும்பம் தானாக எடுத்த முடிவுகளில் இது ஒன்றாவது நிறைவேறியது.

டெக்சஸ் மாநிலம் எல் பாசோ நகரிலுள்ள ராணுவ மருத்துவ மையத்துக்குப் போமான்டின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. செயின்ட் மார்ட்டினுக்கு 1962-இல் கனடிய உடலியங்கியல் கழகம் அவருடைய ஊரில் ஒரு நினைவுப் பலகை வைத்தது. உடலியங்கியல் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லும் ஆசிரியர்கள், இரைப்பை நீரின் பண்புகளைச் சொல்லி முடித்ததும் அந்த 1832 ஒப்பந்தத்தையும் மாணவர்களுக்குப் படித்துக்காட்ட வேண்டும். நாளை அவர்களும் ஒரு நோயாளியின் முன் ஒப்புதல் படிவத்தை நீட்டப்போகிறவர்கள்தான்.